நீலகிரியில் நாயோடு மூன்று நாள் ஆற்றுப் படகுப் பயணம் போக முடியுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: மூன்று நண்பர்கள், இரண்டு வயதுச் சிப்பிப்பாறை நாய் ஒன்று. தேம்ஸ் ஆற்றில் ஊர் ஊராகப் படகில் போகிறார்களே, அதுபோல நீலகிரியில் மூன்று நாள் ஆற்றோடு போய், கரையில் கூடாரம் அடித்து, சமைத்துச் சாப்பிட்டு, சிரித்துவிட்டு வரலாமா? எந்த ஆறு, என்ன படகு? எனக்கென்னவோ இதற்கு அடியில் வேறொரு கேள்வி இருப்பதாகப் படுகிறது. நாயை விட்டுவிட்டுப் போக மூவருக்குமே மனசில்லை, அதையும் படகில் ஏற்றலாமா என்பதுதான் அது. ஆற்றைப் பொறுத்தவரை முடியாது. நாயைப் பொறுத்தவரை முடியும், ஆனால் ஏரியில், அதுவும் சில ஏற்பாடுகளுக்குப் பிறகு.

ஆறு ஏன் முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தேம்ஸ் பிறக்கும் இடமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 110 மீட்டர்தான். அங்கிருந்து 346 கிலோமீட்டர் ஓடிக் கடலுக்குப் போகிறது. வகுத்துப் பாருங்கள், கிலோமீட்டருக்கு முப்பது சென்டிமீட்டர் சொச்சம் இறக்கம். அந்த இறக்கத்தையும் நாற்பதுக்கும் மேற்பட்ட மதகுத் தொட்டிகள் கட்டிப் படிக்கட்டாக்கி வைத்திருக்கிறார்கள். படகைத் தொட்டிக்குள் விட்டுத் தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்புவார்கள். நம்முடைய பைக்காரா ஆறு அப்படியல்ல. 1932-இல் ஓடத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையத்துக்குத் தண்ணீர் 900 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து குழாயில் இறங்குகிறது. அதே ஆறு மாயாறாகி முதுமலைக்குள் நுழைந்து, பள்ளத்தாக்கில் விழுந்தடித்து ஓடி, பவானிசாகரில் பவானியோடு சேர்கிறது. இடையில் பாறை, அருவி, யானை, முதலை எல்லாம் உண்டு, விடுதி மட்டும் இல்லை. சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் காலெடுத்து வைப்பதே குற்றம். நாயோடு போய்க் கூடாரம் அடித்தால் வனத்துறைக்கு விளக்கம் சொல்லி மாளாது. நாயை உள்ளே விடாததற்கு வலுவான காரணம் இருக்கிறது. வீட்டு நாயிடமிருந்து டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய், வெறிநோய் இரண்டும் செந்நாய்க்கூட்டத்துக்குத் தொற்றும். ஒரு நாய் போதும், ஒரு கூட்டமே போய்விடும்.

அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி என்று வரைபடத்தில் நீலமாகத் தெரிவதெல்லாம் குந்தா மின்திட்டத்தின் நீர்த்தேக்கங்கள். அவற்றில் சொந்தமாக ரப்பர் படகு இறக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். மின்சாரத் தேவைக்கு ஏற்ப நீர்மட்டம் ஏறி இறங்கும். இறங்கிய ஓரத்தில் மேலே காய்ந்து அடியில் குழையும் சேறு, முழங்கால் வரை இழுக்கும். மழைக்காலத்தில் அந்தப் பக்கத்தின் நிலைமைக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது, சென்னைக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல்.

ஆற்றில் மிதந்தே தீரவேண்டும் என்றால் பக்கத்தில் இருப்பது பரளிக்காடு. காரமடை வனச்சரகம், நீலகிரி அடிவாரம், பவானி ஆற்றின் குறுக்கே உள்ள பில்லூர் அணையின் நீர்த்தேக்கம். வனத்துறையே பரிசல் ஓட்டுகிறது, முன்பதிவு செய்துகொண்டு போகவேண்டும். ஆனால் காட்டுக்குள் இருப்பதால் நாய்க்கு இடமில்லை. பழனி மலையில் மன்னவனூர் ஏரியிலும் வனத்துறைப் பரிசல் உண்டு. அங்கே பக்கத்தில் மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. சிப்பிப்பாறை முயல் வேட்டைக்கு வளர்த்த இனம், நகர்வதைப் பார்த்தால் துரத்தும். ஆட்டு மந்தையையும் உங்கள் நாயையும் ஒரே புல்வெளியில் நிறுத்திப் பார்க்கும் சோதனை வேண்டாம். கொடைக்கானல் பக்கத்துப் பேரிஜத்தைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். பெரியகுளத்துக்குக் குடிநீர் போகும் ஏரி அது, படகு கிடையாது, உள்ளே போகவே வனத்துறைச் சீட்டு வேண்டும்.

ஆக, மிஞ்சுவது ஊட்டி, பைக்காரா, கொடைக்கானல் படகு இல்லங்கள். இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லவேண்டும். மேலே சொன்ன காட்டு விதிகள் மாறாதவை. படகு இல்லத்தில் நாயை ஏற்ற விடுவார்களா என்பது அன்றைய கூட்டம், படகின் வகை, பொறுப்பில் இருப்பவர் என்று ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். யாரோ நாயோடு படகில் எடுத்துப் போட்ட படத்தை நம்பி 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டாதீர்கள். முந்தின நாளே நேரில் போய்க் கேளுங்கள். மே மாதத்திலும் தொடர் விடுமுறையிலும் ‘கிடையாது’ என்ற பதிலையே எதிர்பாருங்கள். பிப்ரவரி, மார்ச்சில் செவ்வாய் புதன் காலை, கவுன்ட்டர் திறந்தவுடன் போனால் காது கொடுத்தாவது கேட்பார்கள். காலையில் போகச் சொல்வதற்குக் காற்றும் ஒரு காரணம். மதியத்துக்கு மேல் ஏரியில் அலை தட்டும், ஏப்ரல் மே மாதங்களில் மாலை இடியும் சேரும். இடி கேட்டவுடன் நாய் என்ன செய்யும் என்பது உங்களுக்கே தெரியும்.

என்னைக் கேட்டால் நாயோடு போக மூன்றில் கொடைக்கானல்தான் சரி. 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் உண்டாக்கிய ஏரி. சுற்றிவர ஐந்து கிலோமீட்டர் சாலை. சராசரி ஆழம் 3 மீட்டர், அதிகபட்சம் 11. பைக்காராவில் வேகப்படகுகளின் இரைச்சலும் அவை கிளப்பும் அலையும் முதல்முறை படகேறும் நாய்க்கு ஆகாது. ஊட்டி ஏரி 1820-களில் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் வெட்டியது, அழகில் குறையில்லை. ஆனால் நகரத்துக் கழிவுநீர் அதில் சேர்வது பல வருடப் பிரச்சினை, படகில் போகும் நாய் குனிந்து நக்காமல் இருக்காது. எந்த ஏரியிலும் தண்ணீர் பச்சை பெயின்ட் கொட்டினதுபோல ஏடு கட்டியிருந்தால் நாயைக் கிட்டவே விடாதீர்கள். சில நீலப்பச்சைப் பாசி வகைகள் ஈரலைத் தாக்கி ஒரே நாளில் கொன்றுவிடும்.

படகு எது? மிதிபடகு வேண்டாம். நாயின் கயிறு பெடலில் சுற்றும், பாதமும் மாட்டும், கால் நீட்டி உட்காரும் அந்த அமைப்பில் நாய்க்கென்று தரையே இல்லை. பரிசல் வட்டமானது, சுழலும், நாய்க்குப் பதுங்க மூலை கிடையாது. அகலமான, தட்டையான அடிப்பகுதி உள்ள துடுப்புப் படகு, அதுவும் படகுக்காரரோடு எடுப்பது நல்லது. நீங்களே துடுப்புப் போடுவோம் என்றால் ஒன்று: துடுப்புப் போடுபவர் போகும் திசைக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார். அவருக்கு வழி சொல்ல ஒரே ஒருவர் போதும். இரண்டு பேர் சொன்னால் ஒருவர் தன் இடதையும் இன்னொருவர் துடுப்புக்காரரின் இடதையும் சொல்லுவார், படகு வட்டமடிக்கும். நாய் மட்டும் யார் சொல்வதையும் கேட்காமல் நிம்மதியாக இருக்கும்.

படகு எப்படிக் கவிழ்கிறது என்பதற்கு ஒரு எளிய கணக்கு. உங்கள் நாய் 20 கிலோ என்று வைப்போம். படகின் நடுவிலிருந்து அரை மீட்டர் தள்ளி விளிம்புக்கு வாத்தைப் பார்க்க ஓடுகிறது. அந்தச் சாய்வு, 70 கிலோ ஆள் ஒருவர் இருந்த இடத்தில் 14 சென்டிமீட்டர் நகர்வதற்குச் சமம். ஒன்றும் ஆகாது. ஆனால் ‘ஐயோ விழப்போகுது’ என்று மூன்று பேரும் அதே பக்கம் அரை மீட்டர் பாய்ந்தால் 210 கிலோ, நாய் கொடுத்ததைப்போலப் பத்து மடங்குக்கு மேல். நாயால் படகு கவிழ்வது அபூர்வம், நாயைப் பிடிக்கப் போனவர்களால்தான் கவிழும். எனவே கரையிலேயே ஒருவரை நாய்க்குப் பொறுப்பாக வையுங்கள். என்ன நடந்தாலும் கை நீட்டுவது அவர் மட்டும்தான். மற்ற இருவரும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து எதிர்ப்பக்கம் லேசாகச் சாய்ந்தால் போதும். நடு ஏரியில் எழுந்து நின்று இடம் மாற்றிக்கொள்வது, செல்ஃபிக்காக ஒரே பலகையில் மூவரும் நெருங்குவது இரண்டும் கூடவே கூடாது.

நாய்க்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். சிப்பிப்பாறைக்கு உடம்பில் கொழுப்பே கிடையாது, மிதக்கத் திணறும், பின்பகுதி முதலில் அமிழும், முன்கால் மட்டும் தண்ணீரை அடித்துக்கொண்டிருக்கும். வாங்கும்போது எடையைப் பார்த்து வாங்காதீர்கள். முன்காலுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவை டேப்பில் அளந்து வாங்குங்கள். இந்த இனத்துக்கு நெஞ்சு ஆழம், இடுப்பு ஒடுங்கல். லாப்ரடாருக்குத் தைத்த ஜாக்கெட் தண்ணீரில் பின்னால் வழுக்கி இடுப்பில் போய் நிற்கும். அப்போது பின்பகுதி மிதந்து முகம் உள்ளே போகும், போடாமல் விட்டதைவிட மோசம். நெஞ்சுக்கு முன்னால் குறுக்காக ஒரு பட்டை, முதுகில் தூக்குவதற்குக் கைப்பிடி, இந்த இரண்டும் இல்லாததை வாங்க வேண்டாம். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழையவேண்டும், மூன்றாவது நுழையக்கூடாது. கைப்பிடியைப் பிடித்து நாயைத் தரையிலிருந்து ஒரு விநாடி தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் நழுவினால் அளவு தப்பு. ஊரில் இருக்கும்போதே ஒரு வாரம், சோறு வைக்கும் நேரத்தில் பத்து நிமிடம் போட்டுவிட்டுப் பழக்குங்கள். படகுத்துறையில் முதல்முறை மாட்டினால் அது சிலையாக நின்றுவிடும் அல்லது உங்களைக் கடிக்கும். உங்களுக்குப் படகு இல்லத்தில் தரும் ஜாக்கெட்டையும் சோதியுங்கள். கிளிப் எல்லாம் பூட்டியபின் நண்பரை விட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். தாடையைத் தாண்டி வந்தால் வேறொன்று கேட்டு வாங்குங்கள்.

கழுத்துப்பட்டை வேண்டாம், நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் போடுங்கள். இரும்புச் சங்கிலியும் வேண்டாம், ஒன்றரை மீட்டர் பருத்திக் கயிறு போதும். அதை ஒருபோதும் படகில் கட்டாதீர்கள், கையிலும் சுற்றிக்கொள்ளாதீர்கள். படகு கவிழ்ந்தால் கட்டிய நாய் அடியில் மாட்டிக்கொள்ளும். ஃபைபர் படகின் தரை நகத்துக்கு வழுக்கும், வழுக்கினால் நாய் பயப்படும், பயந்தால் குதிக்கும். பழைய யோகா பாயோ நனைத்துப் பிழிந்த சாக்கோ விரித்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். நாயின் இடம் நடுவில், தரையில், பொறுப்பாளியின் இரண்டு முழங்காலுக்கு நடுவே. ஏறும்போது ஒருவர் முதலில் படகின் நடுக்கோட்டில் கால் வைத்து இறங்கி உட்காரவேண்டும், அடுத்தது நாய், பிறகு மற்றவர்கள். இறங்கும்போதுதான் பெரும்பாலான கூத்து நடக்கும். கரை இன்னும் ஒரு மீட்டர் இருக்கையிலேயே நாய் தாவும், தாவிய விசையில் படகு பின்னால் போகும், அதே நேரம் ஒரு காலைத் துறையில் வைத்த நண்பர் படகுக்கும் துறைக்கும் நடுவே பாலமாகி, மெதுவாக நீண்டுகொண்டே போய், கடைசியில் தொப்பென்று விழுவார். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு. துறைக் கட்டையில் மோதினால் விலா எலும்பு போகும். படகைக் கயிற்றால் இழுத்துக் கட்டும்வரை நாயை விடாதீர்கள்.

நாய் தண்ணீரில் விழுந்துவிட்டால் யாரும் எழுந்திருக்க வேண்டாம், யாரும் பின்னால் குதிக்கவும் வேண்டாம். துடுப்பை நிறுத்தி, பேர் சொல்லிக் கூப்பிட்டு, படகின் பின்முனைப் பக்கமாக வரவழையுங்கள். பக்கவாட்டில் தூக்கினால் படகு சாயும். கைப்பிடியைப் பிடித்து ஒரே இழுப்பில் ஏற்றுங்கள். நீங்களும் தண்ணீரில் விழுந்திருந்தால் இன்னொரு விஷயம்: மிரண்ட நாய் கிட்டே இருப்பவர் தலைமேல் ஏறப் பார்க்கும். அன்பினால்தான், ஆனால் உங்களை அமுக்கும், நகத்தால் முகத்தைக் கிழிக்கும். அதன் முகம் உங்களைப் பார்க்காதபடி திருப்பி, பின்னாலிருந்து கைநீளத்தில் கைப்பிடியைப் பிடியுங்கள். கவிழ்ந்த படகு மிதக்கும், அதைப் பிடித்துக்கொண்டே இருங்கள், கரை கிட்டத்தில் தெரிகிறதே என்று நீந்தக் கிளம்பாதீர்கள். மலை ஏரித் தண்ணீரில் விழுந்தவுடன் முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் சொல் கேட்காது, வாயைப் பிளந்து இழுக்கும். அந்த ஒரு நிமிடம் எதுவும் செய்யாமல் மூச்சைச் சமாளிப்பதுதான் வேலை. நன்றாக நீச்சல் தெரிந்தவர்களும் அந்த நிமிடத்தில்தான் தண்ணீர் குடிக்கிறார்கள்.

நனைந்த சிப்பிப்பாறை சீக்கிரம் விறைக்கும், ரோமம் அவ்வளவு குட்டை. டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் புல்வெளியில் உறைபனி படியும், அந்த மாதங்களில் நாயைப் படகில் ஏற்றாமல் இருப்பதே நல்லது. மற்ற நாளிலும் இரண்டு பெரிய துண்டு, ஒரு ஸ்வெட்டர் படகிலேயே இருக்கட்டும், காரில் இருந்து பயனில்லை. நாயின் இயல்பான சூடு 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 37-க்குக் கீழே போனால், அல்லது நடுங்கிக்கொண்டிருந்த நாய் உலராமலேயே நடுக்கத்தை நிறுத்திச் சோர்ந்தால், டாக்டரிடம் போங்கள். வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி வயிற்றோரம் வைக்கலாம். பிராந்தி ஊற்றுவது, நீலகிரித் தைலம் தடவுவது இரண்டும் கூடாது. தைலத்தை நாய் நக்கும், நக்கினால் நஞ்சு. உண்ணிக்காகத் தடவச் சொல்பவர்கள் கடைக்குக் கடை இருக்கிறார்கள், கேட்காதீர்கள்.

இந்த மலைகளில் நாய்க்குச் சிறுத்தையை அடுத்து ஆபத்து எது என்று கேட்டால் சாக்லேட் என்பேன். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வீட்டுச் சாக்லேட் கிலோ கணக்கில் வாங்கிக் காரின் பின்சீட்டில், நாய் பக்கத்தில், வைக்கிறோம். அதில் உள்ள தியோபுரோமின் என்ற பொருளை நாயின் உடம்பு மெதுவாகத்தான் வெளியேற்றும். உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனாலே வாந்தி, படபடப்பு தொடங்கும். 20 கிலோ நாய்க்கு 400 மில்லிகிராம், டார்க் சாக்லேட்டில் சுமார் 80 கிராம். பால் சாக்லேட் என்றால் ஏறக்குறைய 200 கிராம். வீட்டுச் சாக்லேட்டில் கோகோ அளவு அச்சிட்டிருக்காது, அதனால் மோசமான கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். உலர்திராட்சை போட்டது இன்னும் கெடுதல், அது சிறுநீரகத்தைத் தாக்கும். தின்றுவிட்டால் உப்புக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மிச்சத் துண்டோடு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். வர்க்கி ஒரு துண்டு போனால் பரவாயில்லை. ஊட்டி கேரட் தாராளமாகத் தரலாம். ஒல்லியான, ஆழமான நெஞ்சுள்ள நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, ஆகவே சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் ஓட்டம், நீச்சல் வேண்டாம். மலை ஏறும் முன்பும் மூன்று நான்கு மணி நேரம் வயிறு காலியாக இருக்கட்டும், கொண்டை ஊசி வளைவுகளுக்கு நாயும் மனிதனும் ஒன்றுதான்.

கூடாரம் வேண்டாம் என்று சொன்னது இரவுக்காகவும்தான். ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் ஊருக்குள்ளேயே சிறுத்தை வந்து முதலில் தூக்குவது வாசலில் கட்டிய நாயைத்தான். நாயை அறைக்குள் படுக்க விடும் விடுதியாகப் பாருங்கள். ‘நாய்க்கு அனுமதி உண்டு’ என்று சொல்லிவிட்டு வெளியே கூண்டைக் காட்டினால் அது அனுமதியே அல்ல. இருட்டியபின் சிறுநீர் கழிக்கக் கூட்டிப்போனால் வெளிச்சத்துக்குள், கயிற்றோடு. காட்டுமாடு சாலையோரம் மேய்ந்தால் நாயைக் குரைக்க விடாமல் திரும்பி நடங்கள். குரைத்த நாய் பயந்து உங்கள் காலுக்குள்தான் வந்து ஒளியும், மாடும் பின்னாலேயே வரும். ஏரிக்கரையில் வாடகைக் குதிரைகளிடமும் இதே எச்சரிக்கை வேண்டும், அவற்றின் மேல் குழந்தைகள் இருக்கும். வெயில் இதமாக இருக்கிறதே என்று நாயைக் காருக்குள் பூட்டிவிட்டுச் சீட்டு வாங்கப் போகாதீர்கள். வெளியே 22 டிகிரி இருந்தாலும் அரை மணியில் உள்ளே 15, 20 டிகிரி கூடிவிடும்.

காகித வேலை கொஞ்சம்தான். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், கிளம்பும் முன் எடுத்துவிடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று கையில் இருக்கட்டும். எலிக்காய்ச்சலுக்கான ஊசி போடாத நாயைத் தேங்கிய தண்ணீர் பக்கம் கூட்டிப்போகக் கூடாது. முதல்முறை போடுவதென்றால் இரண்டு தவணை, நடுவில் இரண்டு முதல் நான்கு வாரம். அதனால் பயணத் தேதிக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கவுன்ட்டரில் ‘நாயா? முடியாதுங்க’ என்று சொல்லிவிட்டால் வாக்குவாதம் வேண்டாம், அவர்கள் வேலை அது. கொடைக்கானலில் அதற்கும் வழி உண்டு. இருவர் படகில் போகட்டும், ஒருவர் நாயோடு ஏரியைச் சுற்றி நடக்கட்டும். ஐந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம். பிறகு ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று சுற்று முடிந்தால் ஆளுக்கு ஐந்து கிலோமீட்டர், நாய்க்குப் பதினைந்து. சிப்பிப்பாறை என்பதால் நான்காவது சுற்றுக்கு யார் வருகிறீர்கள் என்றுதான் அது பார்க்கும்.